ஐம்பது நாள் கூட்டக் குறிப்பு

இறுதி மதிப்பீட்டுக்கு வந்திருந்தவர்கள்:

ஷைலஜா ஹிரேமட், உதவிப் பேராசிரியை. ஆய்வை நடத்துபவர்.
உமாபதி, வெளித் தேர்வாளர். சித்ரதுர்க்காவிலிருந்து வந்தவர். நாலு மணி பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்.
அஜைல் குழு: சேதன், அவனுடன் மூன்று பேர். நால்வருக்கும் ஒரே நிறச் சட்டை.
திட்டக் குழு: நாகவேணி, பிரஜ்வல். மற்ற இருவர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வந்திருந்தார்கள்.
திப்பேசாமி, ஆய்வகப் பணியாளர்.
வாடிக்கையாளர்: கோட்ரேஷ். அது நான்.

துறைத் தலைவர் பத்து நிமிடம் வந்து, பேனர் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வாடிக்கையாளர் என்றதும் நான் ஏதோ காசு கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். மென்பொருள் செய்ய ஒரு வாடிக்கையாளர் வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். ஷைலஜா மேடத்துக்குத் தெரிந்தவர்களில் பகலில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான். இதே தாவணகெரே கல்லூரியில், இதே துறையில், ஐந்தாவது செமஸ்டரில் கழன்று போனவன். இப்போது ஹரிஹர் சாலையில் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை. இருபத்திரண்டு சுமையாட்கள் என் பொறுப்பு. யாருக்கு எந்த நாள் வார விடுப்பு என்பதை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த நோட்டைக் கணினிக்குள் கொண்டுபோவதுதான் இரண்டு குழுக்களுக்கும் கொடுத்த வேலை.

ஒரே வேலை, இரண்டு குழு, இரண்டு முறை. மாணவர் திட்டப்பணிகளுக்கு எந்த முறை சிறந்தது என்று மேடம் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை அவர் ஜனவரியிலேயே எழுதி முடித்துவிட்டார். குழுக்கள் வேலையைத் தொடங்கியது பிப்ரவரியில். அஜைல் முறை முப்பத்தொரு சதவீதம் சிறந்தது என்பது முடிவு. முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். முப்பது என்று போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. பதினோரு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். வழிகாட்டிகளில் ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் இறந்தார். மூன்றாமவர் உயிரோடு இருக்கும்போதே முடித்துவிட நினைப்பதில் தப்பில்லை.

இரண்டு முறைகளும் எனக்குப் புரிந்த அளவில் இவ்வளவுதான். திட்டக் குழு, செய்யப்போவதை முதலிலேயே முழுதாக எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி, எழுதியபடியே செய்து முடிக்க வேண்டும். எழுதியதிலிருந்து நகரக் கூடாது. அஜைல் குழு, கொஞ்சம் செய்து, வாடிக்கையாளரிடம் காட்டி, அவன் சொல்வதைக் கேட்டு மாற்றி, மறுபடி காட்ட வேண்டும். தினமும் காலையில் நால்வரும் நின்றபடி கூட்டம் போட வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை என்ற மூன்று கேள்விகளுக்கும் டைரியில் பதில் எழுத வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடும் என்பதால் நிற்பது. அப்படிப் பத்து வாரம்.

யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ததாக ஆய்வில் எழுதியிருக்கிறது. சேதனுடைய மாமா கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பது அந்தச் சீட்டுகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஜெயிக்கப்போகும் குழு அவனுக்கு விழுந்தது. தோற்கப்போகும் குழு நாகவேணிக்கு.

நாகவேணிக்கு பெங்களூரில் ஒரு நிறுவனம் வேலைக் கடிதம் கொடுத்திருந்தது. எல்லா செமஸ்டரும் சேர்த்து அறுபது சதவீதம் இல்லையென்றால் அந்தக் கடிதம் வெறும் காகிதம். அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடைசித் திட்டப்பணியில் நூற்றுக்கு எண்பது வாங்கினால் அறுபதைத் தொட்டுவிடுவாள். எழுபத்தொன்பது என்றால் ஐம்பத்தொன்பதோடு நின்றுவிடும். என்னை முதல்முறை பார்த்தபோது பெயரைச் சொன்ன கையோடு அந்த எண்பதையும் சொன்னாள். மற்றவர்கள் ஊரைச் சொல்வது மாதிரி.

அவள் குழுவில் மற்ற மூவருக்கும் மார்க் தேவையில்லை. பிரஜ்வலுக்கு அப்பாவின் மக்காச்சோள மண்டி இருந்தது. இன்னொருவன் ஆஸ்திரேலியாவுக்கு விசா வாங்கிவிட்டான். மூன்றாமவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆக, நால்வர் குழுவில் ஒருத்தி வேலை செய்தாள். இது நம் பக்கத்துத் திட்டப்பணிகளில் சராசரிதான்.

முதலில் பிரஜ்வல்தான் என்னைப் பார்க்க வந்தான். இரவு வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். விடுப்பு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டான். எல்லாருக்கும் முறை வைத்து ஞாயிறு என்றேன். நான் சொன்னது ஒரு வரி. பத்து நாளில் அது அறுபத்து நாலு பக்கமாகத் திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. அவ்வளவு படிக்கிற ஆளாக இருந்தால் ஐந்தாவது செமஸ்டரைத் தாண்டியிருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், நான் சொன்னது தவறு. பொய்யில்லை. நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. கிடங்கில் நடப்பது வேறு. தாதாபீருக்கு வெள்ளிக்கிழமை வேண்டும். ஹாலப்பாவுக்கு அமாவாசை வேண்டும். மல்லேஷிக்கு அவன் பெண்டாட்டி ஊருக்குப் போகும் நாள் வேண்டும். அவர்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்வார்கள். மாலையில் ஆள் வந்து நின்ற பிறகுதான், இன்று அவனுக்குப் பதில் நான் என்று என்னிடம் சொல்வார்கள். நோட்டில் அடித்துத் திருத்திக்கொள்வேன். ஆறு வருடமாக அதைச் செய்கிறேன். அதனால்தான் கேட்டபோது ஞாபகம் வரவில்லை.

கையெழுத்தான மறுவாரம் ஒரு சனிக்கிழமை மாலை நாகவேணி கிடங்குக்கு வந்தாள். சும்மா பார்க்க வந்தேன், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள். ஒரு மணி நேரம் எடை மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தாதாபீர் வந்து, ஹாலப்பாவுக்குப் பதில் நான் என்று சொல்வதைக் கேட்டாள். நான் நோட்டில் அடிப்பதைப் பார்த்தாள். மறுநாள் ஞாயிறும் வந்தாள். அடுத்த வாரம் மாற்றிய கணினி நிரலோடு வந்தாள்.

அப்படிப் பல தடவை. பாதிப் பேரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்று தெரிந்ததும், இருவரும் ஆளுக்கொரு மிஸ்டு கால் கொடுத்தால் விடுப்பு மாறிவிடும்படி செய்தாள். பிறகு ஒருத்தனே இரண்டு போனிலிருந்தும் அடித்து ஏமாற்றலாம் என்பதை மல்லேஷி செய்தே காட்டினான். அதையும் அடைத்தாள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு நான் நோட்டைத் திறக்கவில்லை. இப்போது அது எங்கே இருக்கிறது என்றும் தெரியாது.

நீ செய்வது எதுவும் அந்த அறுபத்து நாலு பக்கத்தில் இல்லையே என்று கேட்டேன்.

"இல்லண்ணா. அத மாத்தினா மார்க்கு போயிடும். ப்ரோகிராம மட்டும்தான் மாத்தறேன். பேப்பர யாரும் தொடல."

சேதன் குழு வேறு ரகம். வெள்ளிக்கிழமைதோறும் பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். நான் தூங்கப் போவது காலை ஒன்பது மணிக்கு. நால்வரும் வாசலில் நின்று மடிக்கணினியைத் திறந்து காட்டுவார்கள். முதல் வாரம் உள்ளே நுழையும் லாகின் பக்கம். இரண்டாவது வாரம் அதே பக்கம், ஆனால் நீல நிறத்தில். மூன்றாவது வாரம் கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது என்ற பக்கம். நல்லா இருக்கு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுப்பேன். தூக்கத்தில் இருப்பவனை மகிழ்விப்பது மிகவும் சுலபம். வாடிக்கையாளர் திருப்தி என்ற கட்டத்தில் வாராவாரம் இருபதுக்கு இருபது வாங்கினார்கள்.

ஆறாவது வாரம் கொஞ்சம் கண் திறந்து பார்த்தேன். தாதாபீர் பெயருக்கு எதிரே பிரசவ வார்டு என்று இருந்தது. தாதாபீர் தொண்ணூறு கிலோ மூட்டையைத் தனியாகத் தூக்குகிறவன். கேட்டதற்கு, அது வெறும் பெயர்தான் அண்ணா, அடுத்த வாரம் மாற்றிவிடுகிறோம் என்றான் சேதன். சொன்னபடி மாற்றினான். அடுத்த வாரம், சரக்கு இறக்கும் பிரசவ வார்டு என்று இருந்தது.

மதிப்பீட்டன்று காலை கல்லூரி வாசலில் மண்டக்கிப் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சேதனே விவரம் சொன்னான். பெங்களூரில் மாணவர்களுக்குத் திட்டப்பணி செய்து விற்கும் கடையில், நர்சுகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் நிரல் ஒன்று தயாராக இருந்ததாம். அதை முதல் வாரமே வாங்கிவிட்டார்கள். அவனுக்கு அதில் வெட்கம் எதுவுமில்லை. பாதி வகுப்பு அங்கேதான் வாங்குகிறது.

"முழுசா வாங்கி பத்துத் துண்டா வெட்டிட்டோம்ணா. வாரத்துக்கு ஒண்ணு. அதான் ஒரு வாரம்கூட லேட் ஆகல. கஷ்டமே அந்தத் துண்டு போடறதுதான்."

டைரி என்னாயிற்று என்று கேட்டேன். ஐம்பது நாள் கூட்டக் குறிப்பையும் முதல் வாரமே ஒரே மூச்சில் எழுதிவிட்டார்களாம். கடைசி மிளகாய் பஜ்ஜியை எனக்குத் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

பதினொன்றரைக்கு மதிப்பீடு ஆரம்பித்தது. உமாபதி சாருக்கு அந்த வாரத்தில் அது நாலாவது கல்லூரி. கெட்டவர் இல்லை. தூக்கம் போதாத மனிதரை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். அவருக்காக வெண்ணெய் தோசை வரவழைத்திருந்தார்கள். ஒன்றரை சாப்பிட்டுவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டார். வெளித் தேர்வாளர்கள் முதலில் மார்க்கைப் பென்சிலில்தான் போடுவார்கள். உள்ளூர் ஆசிரியர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பேனாவை எடுப்பார்கள். இரு தரப்புக்கும் மரியாதையான ஏற்பாடு.

அஜைல் குழு முதலில். சேதன் நன்றாகப் பேசினான். பத்து வாரம், பத்து ஒப்படைப்பு, ஒரு நாள்கூடத் தாமதமில்லை என்று வரைபடம் காட்டினான். வாடிக்கையாளர் எத்தனை மாற்றம் கேட்டார் என்று உமாபதி விசாரித்தார். ஒன்றும் கேட்கவில்லை சார், அவருக்கு எல்லாமே பிடித்திருந்தது என்றான். வாடிக்கையாளர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பென்சில் தொண்ணூறு என்று எழுதியது.

அடுத்து திட்டக் குழு. பிரஜ்வல் அறுபத்து நாலு பக்கத்திலிருந்து உரக்க வாசித்தான். நாகவேணி நிரலை ஓட்டிக் காட்டினாள். அது நிஜமாகவே ஓடியது. முந்தின நாள் இரவு கிடங்கில் யார் யார் வந்தார்கள் என்ற உண்மையான பட்டியல் திரையில் வந்தது. உமாபதி ஒரு கண்ணால் திரையைப் பார்த்தபடி பக்கங்களைப் புரட்டினார். முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றார்.

"இதுல வார லீவு ஞாயிறுன்னு இருக்கு. மெஷின்ல வெள்ளின்னு வருதே."

பிரஜ்வல் அவசரமாக, யாரோ தப்பாகப் பதிவு செய்திருப்பார்கள் சார் என்றான். நாகவேணி அவன் பக்கம் திரும்பவில்லை.

"தப்பு இல்ல சார். நான்தான் மாத்தினேன். ஞாயிறுன்னு வச்சா அங்க ஒருத்தரும் யூஸ் பண்ண மாட்டாங்க."

"யார் அனுமதி குடுத்தா?"

"யாரும் இல்ல சார்."

"எத்தன எடத்துல இப்படி?"

"பதிமூணு."

ஒன்று என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான். பதிமூன்று என்று அவளாகத்தான் சொன்னாள். அதைக் குற்றமாகச் சொன்னதாகவும் தெரியவில்லை. கொஞ்சம் பெருமை இருந்தது. அது அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை.

உமாபதி பொறுமையாக விளக்கினார். திட்ட முறையில் தாளில் இல்லாத ஒன்று நிரலில் இருந்தால் அது பிழை. அது நன்றாக ஓடினால், நன்றாக ஓடுகிற பிழை. பென்சில் ஐம்பத்திரண்டு என்று எழுதியது. நாகவேணி நின்ற இடத்திலிருந்து அந்த எண் தெரியும். அவள் மடிக்கணினியை மூடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிரஜ்வல் போனில் மணி பார்த்தான்.

பிறகு என் முறை. இரண்டு குழுவுக்கும் இறுதித் திருப்தி மதிப்பெண் போடும் படிவம் வந்தது. இருபதுக்கு. இது மாணவர் மார்க்கில் சேராது, மேடத்தின் ஆய்வில்தான் சேரும். அஜைல் குழுவுக்கு நாலு போட்டேன். திட்டக் குழுவுக்குப் பதினெட்டு. இரண்டு குறைத்தது, மல்லேஷி இன்னும் ஏதாவது வழி கண்டுபிடிப்பான் என்பதற்காக.

மேடம் படிவத்தை இரண்டு முறை படித்தார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"கோட்ரேஷ், தூக்கத்துல போட்டியா?"

"பத்து வாரமா தூக்கத்துலதான் போட்டேன் மேடம். இன்னைக்குத்தான் முழிச்சிருக்கேன்."

சேதன் குழு கடையில் வாங்கியதைச் சொன்னேன். பிரசவ வார்டையும் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் வரவில்லை.

"வாங்கினது தெரியும்பா. அத எந்தக் கட்டத்துல எழுதறது? வாங்கினதுன்னு ஒரு கட்டமே இல்லையே."

அவர் சொன்னது நியாயம். ஆய்வில் இரண்டு முறைகள்தான் இருந்தன. மூன்றாவது முறையை, அதாவது நாட்டில் உண்மையாக நடக்கும் முறையை, யாரும் ஒப்பிடச் சொல்லவில்லை. ஆனால் என் படிவத்தை வைத்துக் கணக்குப் போட்டால் முப்பத்தொரு சதவீதம் தலைகீழாகிவிடும். மூன்றாவது வழிகாட்டிக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. மாற்றிப் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அதைச் சொல்லிப் பெருமைப்பட எதுவுமில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது உமாபதி இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பசங்க முதல் வாரம் முடிவு பண்ணதுலேர்ந்து இம்மிகூட நகரல. அந்தப் பொண்ணு என்னடான்னா வாராவாரம் கஸ்டமர் பின்னாடி ஓடியிருக்கு. ரெண்டு குழுவும் ஃபைல மாத்தி எடுத்துட்டு வந்துட்டாங்களா? போன காலேஜ்ல அப்படித்தான் ஆச்சு."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அந்த அறையில் அன்று இரண்டு முறைகளுக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான், அதுவும் குழம்பிப்போய்.

மேடம் சேதனைப் பார்த்தார். நாகவேணியைப் பார்த்தார். தன் கையிலிருந்த என் படிவத்தைப் பார்த்தார். அஜைல் குழுவுக்குப் பதினெட்டு, திட்டக் குழுவுக்கு நாலு என்று அது மாறிப் படிக்கப்படுவதை அவர் கண்ணில் நானே பார்த்தேன்.

"ஆமா சார். பைண்டிங் கடையில மாறியிருக்கும்."

அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் அவர் ஆய்வில் எழுதிய மிக உண்மையான வாக்கியம் அது. சேதன் குழு முன்கூட்டியே முடிவான ஒன்றை வார்த்தை பிசகாமல் செய்து முடித்த திட்டக் குழு. நாகவேணி, செய்து காட்டி, கேட்டு, மாற்றி, மறுபடி காட்டிய அஜைல் குழு. பெயரை மாற்றினால் எல்லாம் சரியாக இருந்தது. பொய் சொல்லித்தான் அந்த உண்மைக்கு வர முடிந்தது என்பதுதான் கொஞ்சம் இடித்தது. எனக்கு மட்டும்.

உமாபதி அழிப்பானை எடுத்தார். ஐம்பத்திரண்டு போய் எண்பத்து நாலு வந்தது. சேதன் தன் மார்க் குறையுமா என்று மட்டும் கேட்டான். தொண்ணூறு அப்படியே இருக்கும் என்றார் மேடம். சரி, நாங்கள் திட்டக் குழு என்றான். சட்டை மாற்றச் சொல்லியிருந்தாலும் மாற்றியிருப்பான். பிரஜ்வலின் அறுபத்து நாலு பக்கம் சேதனிடம் போனது. உள்ளே கிடங்கைப் பற்றி எழுதியிருந்தது, அவன் நிரலில் வார்டு இருந்தது. அட்டை மட்டும் புதிதாக ஒட்டினால் போதும், முப்பத்தொன்றாம் பக்கத்தை ஒரே நாளில் இரண்டு முறை யாரும் திறக்க மாட்டார்கள் என்று முடிவாயிற்று.

மிச்சம் இருந்தது டைரி. அஜைல் குழு என்றால் டைரி வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் பென்சில் மேல் பேனா ஓட்ட முடியும் என்று உமாபதி உறுதியாகச் சொன்னார். மூன்றரைக்குள் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். இல்லையென்றால் பழைய ஐம்பத்திரண்டுதான், வேறு வழியில்லை. சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஒன்றரைத் தோசை கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது.

சேதனுடைய டைரியைக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் நால்வர் பெயரும் இருந்தது. மேடம் பீரோவிலிருந்து புதிய படிவக் கட்டு ஒன்றை எடுத்து நாகவேணி முன்னால் வைத்தார். ஐம்பது பக்கம். பக்கத்துக்கு நாலு பெயர், பெயருக்கு மூன்று கேள்வி. வாரத்துக்கு ஒன்றாகப் பத்து இடத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து.

நாகவேணி போனைத் திறந்து நீட்டினாள். பதிமூன்று மாற்றமும் அதில் தேதியோடு இருந்தது. யார் சொன்னது, ஏன் மாற்றியது, மாற்றிய பிறகு என்ன நடந்தது என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாள்.

"மேடம், இதையே பிரிண்ட் எடுத்துக் குடுத்துடவா? இது நெஜமா செஞ்சது."

"நெஜம்தான் கண்ணு. ஆனா பதிமூணுதான இருக்கு. கட்டம் அம்பது."

"அந்தப் பதிமூணையாவது இதுக்குள்ள எழுதிடறேன்."

மேடம் தேதிகளைப் பார்த்தார். கிடங்கில் வெளியாட்களோடு பேச நேரம் கிடைப்பது சனியும் ஞாயிறும்தான். சரக்கு குறைவு. அதனால் அவள் வந்தது பெரும்பாலும் அந்த நாட்களில். படிவத்தில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் இருந்தது. பதிமூன்றில் ஒன்பது சனி, ஞாயிறில் விழுந்தன.

"நாலு எழுதலாம்" என்றார் மேடம்.

நாகவேணி படிவக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். நான் அந்த வயதில் கோபப்பட்டுத்தான் வெளியே வந்தேன். வந்த பிறகு வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இருபத்திரண்டு சுமையாட்களும் ஒரு நோட்டும் இருந்தன.

"எண்பத்தி நாலு மாறாதுல்ல மேடம்?"

"டைரி வந்தா மாறாது."

பிரஜ்வலை உதவிக்குக் கூப்பிட்டார்கள். தன் கையெழுத்து ஒருவருக்கும் புரியாது என்று சொன்னான். மண்டியில் லாரி வந்திருப்பதாகவும் சொன்னான். இரண்டில் ஒன்று உண்மையாக இருக்கலாம். அவன் போய்விட்டான். நால்வர் நின்று பேசிய ஐம்பது கூட்டங்களை ஒருத்தி உட்கார்ந்து எழுத வேண்டும். மணி ஒன்று பத்து.

முதலில் என் கையெழுத்துகள். மூன்று பேனா வாங்கிக்கொண்டு பத்து வெள்ளிக்கிழமைகளுக்குப் போட்டேன். நாலாவது வாரத்தைக் கொஞ்சம் கோணலாகப் போட்டேன், அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். என் கையெழுத்தால் ஒருவருக்கு ஒரு நல்லது நடப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் கள்ளக் கையெழுத்து. நாகவேணி எதிரில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் நாலு பெயர்களையும் எழுதினாள். பிரஜ்வலுக்கு ஒரு சாய்வு, ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஒரு சாய்வு என்று எழுத்தை மாற்றிப் பார்த்தாள். வேகமாகக் கற்றுக்கொள்கிறவள்.

"அண்ணா, தடைன்ற எடத்துல என்ன எழுதறது?"

சேதன் நாற்பது நாளுக்கு நெட் இல்லை என்று எழுதியிருக்கிறான் என்றேன்.

"நாப்பது நாள் நெட் இல்லாத காலேஜா?"

"நம்ம காலேஜுதான. நம்புவாங்க."

சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவை. பிறகு கட்டின் நடுவிலிருந்து ஐந்தாவது வாரப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு செவ்வாய்க்கிழமை, நிஜமாகவே அவள் கிடங்குக்கு வந்த நாள். மிஸ்டு கால் ஏற்பாட்டைத் தாதாபீர் முதல்முறை அடித்துப் பார்த்த நாள். அதை எழுத அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. இல்லாத கூட்டங்கள் சரசரவென்று வந்தன, இருந்ததை எழுதும்போதுதான் பேனா நின்று நின்று போனது. நீளமாக எழுதியிருந்ததை அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று இரண்டு சொல்லில் வைத்தாள். மற்ற பக்கங்களோடு ஒத்துப்போக வேண்டுமே.

இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வு. பையன்கள் வெளியே கூட ஆரம்பித்தார்கள். சேதனும் நண்பர்களும் வராந்தாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துறைத் தலைவர் மறுபடி சுற்றி வரப்போவதாக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னான். மதிப்பீடு முடிந்த குழுவின் மாணவி, கட்டுக்கட்டாகப் பழைய தேதி போட்டு எழுதிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தால் நல்லாயிருக்காது. அவருக்குத் தெரியாது என்பதல்ல. பார்த்துவிட்டால் தெரிந்ததாக ஆகிவிடும்.

மேடம் திப்பேசாமியைப் பார்த்தார். திப்பேசாமி அந்தத் துறையில் இருபது வருடம் இருக்கிறான். கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆய்வகத்தின் பின்பக்கம், பழைய திட்டப்பணிக் கோப்புகளை அடுக்கி வைக்கும் அறையைத் திறந்து விளக்கைப் போட்டான். உள்ளே கூரை வரைக்கும் கறுப்பு அட்டைகள். நடுவில் ஒரு முக்காலி போடும் இடம் மட்டும் இருந்தது. தண்ணீர்ப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"உள்ள போ தாயி. வெளிய பூட்டு தொங்கினா யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. மூணேகாலுக்குத் திறக்கறேன்."

உள்ளே சிக்னல் இருக்குமா என்று கேட்டாள். எதற்கு என்றேன். நேரம் போதாவிட்டால் உங்களைக் கூப்பிட்டு மிச்சத்தை எழுதச் சொல்லலாம் என்றுதான் என்றாள். சிக்னல் இல்லை என்றான் திப்பேசாமி. சரி என்று தலையாட்டினாள். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். ஏழு. படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என் மூன்று பேனாக்களையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திப்பேசாமி கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.